தூக்குக் கைதிக்கு ஏழு நாள், சர்க்காருக்கு ஆறு மாதம்

1908-ஆம் ஆண்டின் இந்தியக் காலவரம்புச் சட்டத்தின் அட்டவணையை யாரும் ஆசைப்பட்டு எடுத்துப் படிப்பதில்லை. எந்த வழக்கு, எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்று மூன்று பத்திகளில் நீண்டுகொண்டே போகும். வக்கீல் குமாஸ்தாக்கள் விரல் வைத்துத் தேடும் பக்கங்கள் அவை. ஆனால் அதன் 150-ஆவது இனத்தையும் 157-ஆவது இனத்தையும் சேர்த்துப் படித்தால் தூக்கிவாரிப் போடும். செஷன்ஸ் கோர்ட்டில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர் அப்பீல் செய்ய ஏழு நாள். ஒருவர் விடுதலையானதை எதிர்த்து சர்க்கார் அப்பீல் செய்ய ஆறு மாதம். இரண்டுக்கும் நடுவில், சிறைத் தண்டனை பெற்றவர் உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் அறுபது நாள், கீழே உள்ள வேறு கோர்ட்டுக்குப் போவதென்றால் முப்பது நாள்.

மூன்று வருஷம் உள்ளே இருக்கப்போகிறவருக்கு இரண்டு மாதம் யோசிக்க நேரம் இருந்தது. கழுத்தில் கயிறு விழப்போகிறவருக்கு ஒரு வாரம்தான். அதுவும் தண்டனை சொன்ன நாளிலிருந்து கணக்கு.

இதை வெறும் குரூரம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி செஷன்ஸ் நீதிபதி தூக்குத் தண்டனை விதித்தால், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. கைதி அப்பீல் போட்டாலும் போடாவிட்டாலும் கேஸ் கட்டு தானாகவே மேலே போகும். அப்பீலுக்கான கெடு முடியும்வரை உறுதி உத்தரவு போடக்கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. கெடு அறுபது நாள் என்றால் உயர் நீதிமன்றமும் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். ஏழு நாள் என்றால் எட்டாம் நாளே கட்டைப் பிரிக்கலாம். சட்டம் கேட்டது கைதிக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று அல்ல. கோர்ட்டும் ஜெயிலும் எவ்வளவு நாள் காத்திருக்கத் தயார் என்று.

அந்த ஏழு நாளும் ஒரு படி முன்னேற்றம்தான் என்பது இன்னும் பழைய கதையைப் பார்த்தால் தெரியும். 1775-இல் கல்கத்தாவின் சுப்ரீம் கோர்ட், மகாராஜா நந்தகுமாரை ஃபோர்ஜரி குற்றத்துக்காகத் தூக்கிலிட உத்தரவிட்டது. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது லஞ்சக் குற்றச்சாட்டு சொன்னவர் நந்தகுமார். தலைமை நீதிபதி எலைஜா இம்பே ஹேஸ்டிங்ஸின் பள்ளித் தோழர். அந்தக் கோர்ட்டை உண்டாக்கிய 1774 சாசனத்தில், லண்டனில் அரசருக்கு அப்பீல் செய்ய வழி இருந்தது. ஆனால் கிரிமினல் வழக்கில் அப்பீலை அனுமதிப்பதும் மறுப்பதும் தண்டனை கொடுத்த அதே கோர்ட்டின் விருப்பம். அனுமதி மறுக்கப்பட்டது. ஜூன் மாதம் தீர்ப்பு, ஆகஸ்ட் 5 அன்று தூக்கு. கப்பலில் லண்டனுக்குச் செய்தி போய்ச் சேரவே பல மாதங்கள் ஆகும் காலம் அது. இம்பேயின் மேல் பிற்பாடு பார்லிமெண்டில் குற்ற விசாரணைத் தீர்மானம் கொண்டுவந்தார்கள்; அது தோற்றுப்போனது.

கம்பெனி ஆட்சி முடிந்து ராணி ஆட்சி வந்த பிறகு, 1861-இல் முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தது. ஜில்லாக்களில் தண்டனை பெற்றவர்களுக்கு அப்பீல் உரிமையை அது ஒழுங்காக வகுத்தது. இங்கிலாந்திலேயே அப்போது அப்படி ஒரு வழி கிடையாது. அடால்ஃப் பெக் என்பவரை ஆள் அடையாளக் குழப்பத்தில் 1896-லும் மறுபடி 1904-லும் தவறாகத் தண்டித்து, அது பெரிய அவமானமாகிப் போன பிறகுதான் 1907-இல் அங்கே கிரிமினல் அப்பீல் கோர்ட் உருவானது. அங்கும் கெடு பத்தே நாள். அதைக் கோர்ட் நீட்டிக்கலாம், மரண தண்டனை வழக்கு தவிர. ஆக, சாகப்போகிறவரின் கடிகாரத்தை வேகமாக ஓடவிடும் பழக்கம் காலனி நாட்டுக்கென்று தனியாகச் செய்தது அல்ல.

சர்க்காரின் ஆறு மாதம்தான் காலனிச் சரக்கு. 1861 சட்டத்தில் விடுதலைக்கு எதிராக அப்பீலே இல்லை. 1872-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த வாசலை சர்க்காருக்குத் திறந்துவிட்டது. ஜூரி ஒருவரைக் குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது என்பது இங்கிலாந்தின் பழைய நம்பிக்கை. இந்தியாவில் உள்ளூர் ஜூரிகள் மீதும் கீழ்க்கோர்ட்டுகள் மீதும் அந்த நம்பிக்கை ஆட்சியாளர்களுக்கு இல்லை.

அப்பீல் உரிமை ஆளைப் பொறுத்தது மட்டுமல்ல, ஊரையும் பொறுத்தது. 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு ஆயுள் தீவாந்தர தண்டனை விதித்தார். அது ஜில்லாக் கோர்ட் என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போக முடிந்தது. அந்த நவம்பரிலேயே தண்டனை ஆறு வருஷமாகக் குறைந்தது. ஆனால் சென்னைப் பட்டணத்துக்குள் நடந்த பெரிய குற்றங்களை உயர் நீதிமன்றமே ஜூரி வைத்து நேராக விசாரித்தது. அங்கே தண்டனை கிடைத்தால், சாட்சியம் சரியில்லை என்று சொல்லி அப்பீல் போக இடமில்லை. சட்டப் பிரச்சினையை நீதிபதியே தனியாக ஒதுக்கிவைத்தாலோ, அட்வகேட் ஜெனரல் சான்று கொடுத்தாலோதான் மறுபடி பார்ப்பார்கள். குக்கிராமத்தில் கைதானவருக்கு இருந்த உரிமை ஜார்ஜ் டவுனில் கைதானவருக்கு இல்லை. 1943-இல் சட்டத்தில் 411-ஏ என்ற பிரிவைச் செருகித்தான் இந்தக் கோணலைச் சரிசெய்தார்கள்.

அந்தப் பிரிவின் மை காய்வதற்குள் தமிழ்நாடே வாய்பிளந்து பார்த்த ஒரு வழக்கு வந்தது. 1944 நவம்பரில் ‘இந்துநேசன்’ பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை அச்சிலேற்றிப் பிழைத்தவர் அவர். டிசம்பரில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். ‘ஹரிதாஸ்’ படம் சென்னை பிராட்வே தியேட்டரில் கூட்டம் குறையாமல் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் அதன் நாயகன் பாகவதர் சிறையில் இருந்தார். உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வியர் மாக்கெட் முன்னால், ஒன்பது பேர் கொண்ட ஜூரியுடன் விசாரணை நடந்தது. ஜூரி ஆறுக்கு மூன்று என்று பிரிந்தது. 1945 மே 3 அன்று இருவருக்கும் தீவாந்தரம்.

மூன்று வருஷம் முன்னால் இது நடந்திருந்தால் ஏறக்குறைய அங்கேயே கதை முடிந்திருக்கும். புதுப் பிரிவு இருந்ததால் அதே உயர் நீதிமன்றத்தின் அப்பீல் அமர்வுக்குப் போனார்கள், தள்ளுபடியானது. அடுத்தது லண்டன் பிரிவி கவுன்சில். கிரிமினல் வழக்குகளில் தலையிடுவதில்லை என்பதை அந்தச் சபை கொள்கையாகவே வைத்திருந்தது. தான் ஒரு கிரிமினல் அப்பீல் கோர்ட் அல்ல என்று சொல்லிச் சொல்லித் திருப்பி அனுப்பும் இடம். எடுத்துக்கொள்ள வைப்பதற்கே தனி அனுமதி வேண்டும். பாகவதர் வழக்கில் அனுமதி கிடைத்தது. 1947-இல் பிரிவி கவுன்சில், அப்பீலை மறுபடி முதலிலிருந்து விசாரிக்கச் சொல்லி சென்னைக்கே அனுப்பியது. நீதிபதிகள் ஹாப்பெல், சகாபுதீன் கொண்ட புதிய அமர்வு சாட்சியத்தைப் புதிதாக எடைபோட்டு, அந்த ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தது. நாடு சுதந்திரம் அடைய நான்கு மாதம் இருந்தது. அதே காகிதங்கள், அதே சாட்சிகளின் வாக்குமூலம். ஒரு அமர்வுக்குப் போதுமானதாக இருந்தது இன்னொரு அமர்வுக்குப் போதவில்லை. கிருஷ்ணன் மீண்டும் திரையில் எழுந்து நின்றார். பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இத்தனை வழியும் பிரபலமானவர்களுக்குத் திறந்தது, எத்திராஜ் போன்ற வக்கீல்களை வைக்க முடிந்தவர்களுக்குத் திறந்தது. மற்றவர்களுக்கு கெடு என்பது பெரும்பாலும் ஒரு காகிதத்தின் பிரச்சினை: தீர்ப்பு நகல்.

நகல் இல்லாமல் அப்பீல் இல்லை. அதனால் நகல் வாங்கப் பிடிக்கும் நாட்களைக் கெடுவிலிருந்து கழித்துவிடலாம் என்று காலவரம்புச் சட்டம் அன்றும் சொன்னது, இன்றும் சொல்கிறது. எத்தனை நாள் கழிக்கலாம் என்பதற்குச் சான்று, தமிழகக் கோர்ட் நகல்களின் பின்பக்கம் ஊதா மையில் விழும் ரப்பர் ஸ்டாம்ப். நகல் மனு போட்ட தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, தாள் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி என்று அடுக்கு அடுக்காக வரிகள். எதிரே பேனாவால் நிரப்பிய எண்கள். தாள் கேட்டு நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டதை குமாஸ்தா பார்க்கத் தவறினால் அந்த நாட்கள் கட்சிக்காரர் கணக்கில் விழும். தயாரான நகலை வாங்காமல் விட்டாலும் அப்படியே. ஆபீஸில் அப்பீலை நம்பர் பண்ணும் முன்னால் முதலில் திருப்பிப் பார்ப்பது தீர்ப்பை அல்ல, அந்த ஸ்டாம்பை.

உள்ளே இருப்பவர் நோட்டீஸ் போர்டை எங்கே போய்ப் பார்ப்பார்? அதற்காகத்தான் ஜெயில் அப்பீல். கைதி தன் மனுவையும் நகலையும் சிறை அதிகாரியிடம் கொடுத்தால் போதும், அவர் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று 1898 சட்டத்தின் 420-ஆம் பிரிவு சொன்னது. சிறை அதிகாரி கையில் கொடுத்த நாளே கோர்ட்டில் தாக்கல் செய்த நாள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1880-களிலேயே தீர்த்துவைத்தது. நல்ல தீர்ப்பு. இல்லாவிட்டால் தபால் தாமதத்தால் மட்டும் எத்தனையோ அப்பீல்கள் செத்திருக்கும்.

ஆனால் சிறை அதிகாரியிடம் போன காகிதம் எப்போதும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 1978-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஹாஸ்காட் வழக்கில், 1973 நவம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை எதிர்த்து நான்கு வருஷம் கழித்து மனு வந்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால், எரவாடா சிறைக்குக் கோர்ட் அனுப்பிய இலவச நகல் தன் கையில் தங்கவில்லை என்றார் கைதி. கருணை மனுவோடு இணைக்க அதைத் திருப்பி வாங்கிக்கொண்டோம் என்றது சிறைத் தரப்பு. அப்பீல் உரிமை உண்டு என்றால் நகலும் உரிய காலத்தில் கிடைக்க வேண்டும், வக்கீல் வைக்க வழியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதினார். அந்தக் கைதிக்கு வழக்கில் பலன் ஒன்றும் கிடைக்கவில்லை, மனு தள்ளுபடி. அவர் பெயரில் வந்த தீர்ப்புதான் இன்று சிறைக்குள் இலவச சட்ட உதவி கேட்பவர்களுக்குப் பிடிமானம்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஏழு நாள் உடனே போய்விடவில்லை. 1956-இல் சட்ட ஆணையம் தன் மூன்றாவது அறிக்கையில் காலவரம்புச் சட்டத்தை அலசியது. 1963-இல் புதுச் சட்டம் வந்து, 1964 ஜனவரி முதல் மரண தண்டனை அப்பீலுக்கு முப்பது நாள் ஆனது. சர்க்காரின் ஆறு மாதம் தொண்ணூறு நாளாகச் சுருங்கியது. இடைவெளி குறைந்தது, போகவில்லை. உயர் நீதிமன்றத்துக்கு வரும் மற்ற தண்டனை அப்பீல்களுக்கு அறுபது நாள் அப்படியே நின்றது. உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி கேட்க, சாதாரண வழக்கில் தொண்ணூறு நாள் இருக்கும்போது தூக்கு வழக்கில் அறுபது. 1973-இன் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. சிறைத் தண்டனை விதித்தால் கேட்காமலே உடனடியாக இலவச நகல் கொடுக்க வேண்டும் என்றது. அதற்கு முன்னால் கேட்டால்தான் கொடுப்பார்கள்.

கெடு தாண்டினால் மன்னிப்புக் கேட்கலாம். மறுபடி யோசியுங்கள் என்று கேட்கத்தான் வழியே இல்லை.

தூக்குத் தண்டனையில் கையெழுத்திட்டதும் நீதிபதி பேனா முனையை உடைப்பார் என்பது ஊரறிந்த சங்கதி. எந்தச் சட்டத்திலும் அது இல்லை. ஆனால் கையெழுத்திட்ட தீர்ப்பை எழுத்துப் பிழை திருத்துவதற்குத் தவிர எந்தக் கோர்ட்டும் மாற்றவோ மறு ஆய்வு செய்யவோ கூடாது என்பது 1898-இன் 369-ஆம் பிரிவு. அதுவே 1973-இல் 362 ஆனது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 403 ஆகியிருக்கிறது. எண் மாறியது, சொல் ஏறத்தாழ அதேதான். சிவில் வழக்கில் தீர்ப்பு சொன்ன நீதிபதியிடமே போய் மறு ஆய்வு கேட்கலாம். ஆயுளுக்கும் உள்ளே போகிறவருக்கு அந்த வழி கிடையாது.

இதன் கடுமையை 1962-இல் சங்கதா சிங் வழக்கு காட்டியது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு கிரிமினல் அப்பீல் விசாரணைக்கு வந்த அன்று யாரும் ஆஜராகவில்லை. செஷன்ஸ் நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார். அடுத்து வந்த நீதிபதி மனமிரங்கி, மறுபடி விசாரிக்கிறேன் என்று கோப்பில் எடுத்தார். அப்படி எடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை என்றது உச்ச நீதிமன்றம். யாரும் ஆஜராகவில்லை என்பதற்காகவே அப்பீலைத் தள்ளக்கூடாது, நீதிபதியே பதிவேடுகளைப் படித்து முடிவு செய்ய வேண்டும் என்று பானி சிங் வழக்கில் திட்டவட்டமாகச் சொல்ல 1996 ஆனது.

ஆனால் மறு ஆய்வு செய்யும் அதிகாரம் அரசியல் சாசனத்தின் 137-ஆவது உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு. முப்பது நாளுக்குள் மனு போட வேண்டும். கிரிமினல் வழக்கு என்றால் பதிவேட்டைப் பார்த்ததுமே தெரியும் பிழை இருக்க வேண்டும். 1978-இல் விதியைத் திருத்தி வாய்மொழி வாதத்தையும் எடுத்துவிட்டார்கள். மனு நீதிபதிகளின் அறைக்குள் சுற்றி வரும், உள்ளேயே முடிவாகும். ஈஸ்வர ஐயர் வழக்கில் அந்த விதி செல்லும் என்று 1980-இல் எழுதியவரும், கைதிக்காக உருகி எழுதிய அதே கிருஷ்ணய்யர்தான். கோர்ட்டின் நேரத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்பது அவர் வாதம்.

மறு ஆய்வு என்பது அதிர்ஷ்டச் சீட்டாக எப்படி ஆகிவிடும் என்பதற்கு ஹர்பன்ஸ் சிங் வழக்கை விட மோசமான உதாரணம் கிடைக்காது. ஒரே கொலை வழக்கில், ஒரே மாதிரிப் பங்கு கொண்ட மூவருக்குத் தூக்கு. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் வந்தார்கள், தனித்தனி அமர்வுகளில் விழுந்தார்கள். ஒருவர் மனு தள்ளுபடி. சிறையிலிருந்து எழுதிப்போட்ட இன்னொருவருக்கு ஆயுளாகக் குறைப்பு. மூன்றாமவர் ஹர்பன்ஸ் சிங். அவர் அப்பீலும் போனது, மறு ஆய்வும் போனது. 1981 அக்டோபர் 6 அன்று முதலாமவர் தூக்கிலிடப்பட்டார். அதே நாளில் தூக்கிலிடப்பட இருந்த ஹர்பன்ஸ் சிங், கூட்டாளிக்குக் கிடைத்த குறைப்பைச் சுட்டிக்காட்டி ரிட் மனு போட்டதால் தப்பினார். அவர் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது நீதிமன்றம். முதலாமவருக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை.

அதற்குப் பின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1988-இல் அந்துலே வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் பழைய உத்தரவையே திரும்பப் பெற்றது. 2002-இல் கியூரேட்டிவ் மனு என்ற கடைசி வழியை உண்டாக்கியது. 2014 செப்டம்பரில் முகமது ஆரிஃப் வழக்கில், தூக்கு வழக்குகளின் மறு ஆய்வை மூன்று நீதிபதிகளாவது திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும், அரை மணி நேரமாவது வாதிட விட வேண்டும் என்றது. முன்பே அறைக்குள் தள்ளுபடியானவர்களும் ஒரு மாதத்துக்குள் மறுபடி வரலாம். ஆனால் கியூரேட்டிவ் மனுவும் தோற்றவர்களுக்கு இது கிடையாது. ஆரிஃபே அந்த ரகம். வழக்கில் ஜெயித்தவர் பலனுக்கு வெளியே நின்றார். 2016-இல் அவருக்கும் இடம் கொடுத்தார்கள். 2022-இல் அவர் மறு ஆய்வு மனு தள்ளுபடியானது.

அந்த அரை மணி நேரம் யாருக்கு உதவியது என்றால், மகாராஷ்டிரத்தின் ஆறு நாடோடித் தொழிலாளர்களுக்கு. 2003-இல் நாசிக் பக்கம் நடந்த கொலை வழக்கில் விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு கொடுத்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குறைப்பையும் ரத்து செய்து ஆறு பேரையும் தூக்கு மேடைக்கு அனுப்பியது. மறு ஆய்வு அறைக்குள்ளேயே முடிந்தது. 2014 தீர்ப்பால் வழக்கு மறுபடி திறந்தபோது, சாட்சி முதலில் அடையாளம் காட்டியது வேறு ஆட்களை என்பது வெளியே வந்தது. 2019 மார்ச் 5 அன்று ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுதலை, ஆளுக்கு ஐந்து லட்சம் இழப்பீடு. பதினாறு வருஷம் கழிந்திருந்தது.

ஒரு பக்கம் கதவு திறக்க, சிறப்புச் சட்டங்கள் இன்னொரு பக்கம் மூடிக்கொண்டே வந்தன. பகத் சிங் வழக்குக்காக 1930-இல் போட்ட அவசரச் சட்டம் உயர் நீதிமன்ற அப்பீலையே வெட்டியது. தடா சட்டம் உயர் நீதிமன்றத்தைத் தாண்டி நேராக உச்ச நீதிமன்றத்துக்கு முப்பது நாளில் போகச் சொன்னது. பூந்தமல்லி தனிக் கோர்ட்டில் 1998 ஜனவரி 28 அன்று ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற 26 பேரும் அந்த ஒற்றை வாசலில்தான் போய் நின்றார்கள். அடுத்த வருஷம் மே மாதத்தில் 19 பேர் கொலைக் குற்றத்திலிருந்து விடுபட்டார்கள், மூவருக்கு ஆயுளானது, நால்வருக்குத் தூக்கு நின்றது. 2008-இன் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், முப்பது நாள் கெடு, காரணம் காட்டினால் நீட்டிப்பு, ஆனால் தொண்ணூறு நாளுக்கு மேல் எந்த அப்பீலையும் எடுக்கவே கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் அதை எழுத்துக்கு எழுத்து அமல் செய்தது. அப்பீல் என்பது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி, தொண்ணூறுக்குப் பிறகும் மன்னிக்கலாம் என்று 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தப் பிரிவில் கைதிக்கும் அரசுக்கும் ஒரே கெடுதான். அதனால் நாள் தவறிய அரசு வக்கீலும் அன்று அந்த பம்பாய் தீர்ப்பைத்தான் கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.